மாடி அரங்கைக் காலி செய்கிறோம்: சாமான்களை என்ன செய்வது, படத்தை இனி எங்கே போடுவது?

மாசிவீதி எழுதியது:

வணக்கம். மதுரைக்காரர்கள், பிலிம் சொசைட்டி நடத்தியவர்கள், தியேட்டரில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் யோசனை சொல்லுங்கள்.

மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் மாடியில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டு வந்தோம். அரங்கு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். எண்பது நாற்காலி. அதில் பாதி ஒரு கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்டபோது விலைக்கு எடுத்தது. திரை கிடையாது, சுவர்தான். வருசத்துக்கு ஒருமுறை வெள்ளை சிமெண்ட் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி வைப்போம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி. சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் படமே கிடையாது. சாமி மாசி வீதி சுற்றி வரும்போது மேளச் சத்தம் மாடிக்கு ஏறிவிடும். ஒருமுறை பிடிவாதமாக ஒரு ஜப்பானியப் படத்தைப் போட்டோம். அதில் ஒரு அப்பா வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சி முழுவதும் கீழே நாதசுரம். அதற்கப்புறம் அந்த வீம்பை விட்டுவிட்டோம்.

கட்டடத்துக்காரர் போன வருசம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் வெளியூர், விற்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஐயா எங்களிடம் வாங்கிய வாடகை அந்த வீதியில் ஒரு பெட்டிக்கடைக்குக்கூடக் காணாது. இந்த மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இதை ஆரம்பித்தவர் எங்கள் தமிழ் சார். கல்லூரி வாத்தியார், இப்போது உயிரோடு இல்லை. அந்தக் காலத்தில் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து 16 எம்எம் பிரிண்ட் ரயில் பார்சலில் தகரப் பெட்டியில் வரும். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டு எடுத்து, படத்தைப் போட்டுவிட்டு, சொன்ன தேதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம் டிவிடி வந்தது, இப்போது லேப்டாப்பும் டிஜிட்டல் புரொஜெக்டரும்.

சார் செய்த ஒரு காரியத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் கேள்வியில் ஒன்று அதைப் பற்றியது. வருவது எல்லாம் வெளிநாட்டுப் படம், ஆங்கில சப்டைட்டில். உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தில் இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் சார் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு பக்கம் கதை எழுதுவார். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் போட்டு, வாசலில் கையில் கொடுப்பார். கதை முக்கால்வாசி வரைக்கும்தான் இருக்கும். ‘மீதியைச் சுவரில் பார்’ என்று கடைசி வரி. திருமலை நாயக்கர் மகால் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார், சுங்கடிச் சாயப்பட்டறை வைத்திருந்தவர். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், படிக்கமாட்டார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எடுத்துப் படிப்பார். தான் புரிந்துகொண்டது சரியா என்று பார்க்கிறாராம். பல நாள் சார் எழுதிய கதையை விட அவர் சொல்லும் கதை நன்றாக இருக்கும். இன்றைக்கும் வருகிறார், மாடிப்படி ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. கூடவே கருத்துப் பதிவேடுகள், படம் பார்த்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. ‘படம் விளங்கவில்லை. குதிரை நன்று’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த விமர்சகரும் அதைவிடச் சரியாக எழுதவில்லை என்பது என் கருத்து. இது போக எல்மோ கம்பெனி 16 எம்எம் புரொஜெக்டர் இரண்டு, ஒன்று ஓடும், இன்னொன்றில் படம் ஓடும், ஆனால் சத்தம் வராது. பத்துப் பன்னிரண்டு தகர டப்பாவில் பிலிம் சுருள்கள். பழைய செய்திப்படங்கள், அரசு விளம்பரப் படங்கள். விளக்குத்தூண் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்ததைச் சார் எடை போட்டு வாங்கி வந்தார்.

இவற்றை யாரிடம் கொடுப்பது? பழைய சாமான்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து பிலிம் டப்பாவை மட்டும் ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது, படத்தை எப்படித் தொடர்வது? புது இடம் வாடகைக்குப் பிடிக்க முடியாது, ஊருக்குள் கேட்கிற அட்வான்சைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓடிடி வந்ததால் கூட்டம் போச்சு என்று எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள். எங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. கொரோனாவுக்கு அப்புறம் கூடத்தான் செய்தது. பார்க்க ஆள் இருக்கிறது, நாற்காலி எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை. குறும்படம் எடுத்த பையன்கள் வருவார்கள், தங்கள் படம் ஓடி முடிந்ததும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கீழே டீ குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்தவன் படத்துக்குக் காலி நாற்காலிதான்.

---

ஒத்தக்கடை85 எழுதியது:

அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நல்லாத்தான் நடத்திருக்கீங்க, ஆனா எதுக்கு இவ்வளவு சிரமம்? உலகப் படம் பூராம் இப்ப போன்ல கிடக்கு. தங்கம் தியேட்டரே நிக்கலையே. 1952 தீபாவளிக்கு பராசக்தி போட்டுத் தொறந்த தியேட்டர். இரண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல உக்காரலாம், ஆசியாவுலயே பெருசுன்னு சொல்லுவாங்க. அந்த இடத்துல இன்னைக்கு ஜவுளிக்கடை. சிந்தாமணி தியேட்டரும் அப்படித்தான் போச்சு. அவங்களுக்கே அந்தக் கதின்னா எண்பது நாற்காலி எம்மாத்திரம்? சுருள்களை மியூசியத்துக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க. வாட்ஸப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சு லிங்க் போட்டா போதும்.

---

கார்பன்குச்சி எழுதியது:

மாசிவீதி தம்பி, உங்க மாடிக்கு நானும் வந்திருக்கேன். கடைசி வரிசையில உக்காந்துட்டு பேசாமப் போயிருவேன். தியேட்டர் ஆபரேட்டரா இருந்தவன். எந்தத் தியேட்டர்ங்கிறது வேணாம், அதுவும் இப்ப இல்ல.

முதல்ல சுருளைப் பத்திச் சொல்லிர்றேன், அதுதான் அவசரம். அந்தப் பழைய சாமான்காரர் கண்ணுல காட்டாதீங்க. கறுப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி இருக்கு தம்பி. படமே வெள்ளித் துகள்தான். கழுவி வெள்ளிய எடுத்துட்டு மிச்சத்தத் தூக்கிப் போட்டுருவாங்க. இந்தியாவுல பழைய படம் பாதிக்கு மேல இல்லாமப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம். கலர் பிரிண்ட்ல சாயம்தான், வெள்ளி இருக்காது. அவர் ஆசையாத் தொறந்து பாத்தார்ன்னா கறுப்பு வெள்ளையான்னுதான் பாத்திருப்பார்.

டப்பா ஒவ்வொண்ணா தொறங்க. மொட்டை மாடியில, காத்தோட்டமா. மூக்கக் கிட்டக் கொண்டு போகாதீங்க, மூடியத் தொறந்து ஒரு முழம் தள்ளி நின்னாலே தெரியும். காடி வாடை, வினிகர் மாதிரி சுள்ளுன்னு அடிச்சா அந்தச் சுருள் கெட ஆரம்பிச்சிருச்சு. அதத் தனியா வைங்க, நல்ல சுருளோட சேத்து வச்சா அதுவும் போயிரும். வாடை இல்லைன்னா ஓரத்தப் பாருங்க. தட்டையா இருக்கா, அலை அலையா நெளியுதான்னு. நெளிஞ்சிருந்தா சுருங்கிருச்சுன்னு அர்த்தம், ஓட்டைக்கு ஓட்டை தூரம் கொறஞ்சிருக்கும். அத மெசின்ல மாட்டுனீங்க, பல்லு ஓட்டையில உக்காராது, கிழிச்சுக்கிட்டே போகும். ஆசைக்குக்கூட ஓட்டிப் பாக்காதீங்க. தீப்பிடிக்கும்னு யாராவது பயமுறுத்துவாங்க. அது ரொம்பப் பழைய 35 எம்எம் நைட்ரேட் பிலிம்ல. 16 எம்எம் தொடக்கத்துல இருந்தே தீப்பிடிக்காத பிலிம்தான், அந்தப் பயம் வேண்டாம். ஆனா தகரக் கூரைக்குக் கீழ இரும்பு பீரோவுல வச்சுப் பூட்டிறாதீங்க. நம்ம ஊர் மே மாசத்துல அது அடுப்பு. தரைத்தளத்துல, வெயில் படாத, ஈரம் ஏறாத ரூம் போதும். டப்பா மூடிய டேப் போட்டு இறுக்கி ஒட்டவும் கூடாது, உள்ள கெளம்புற புளிப்பு வெளிய போகணும்.

அப்புறம் புனேக்கு எழுதுங்க. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2022ல இருந்து என்.எஃப்.டி.சி.ங்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குக் கீழ வந்திருச்சு, இடம் அதே இடந்தான். பட்டியல் போட்டு அனுப்புனா வேணுமா வேண்டாமான்னு சொல்லுவாங்க.

இப்ப ஒத்தக்கடைத் தம்பிக்கு. தங்கம் தியேட்டர் படம் ஓடாம விழுந்துச்சுன்னா நெனைக்கிறீங்க? அம்புட்டுப் பெரிய எடம், டவுனுக்கு நடுவுல. ஹவுஸ்ஃபுல்லா ஓடுனாலும் ஜவுளிக்கடை குடுக்குற காச டிக்கெட்டு குடுக்காது. கட்டடம் பெருசானா மண்ணோட வெல கழுத்தப் பிடிக்கும். 2017ல ஜிஎஸ்டிக்கு மேல உள்ளாட்சி வரியும்னு சொன்னப்ப தமிழ்நாடு பூராம் தியேட்டர மூடுனாங்க. அடுத்த வருசம் தயாரிப்பாளருக்கும் டிஜிட்டல் புரொஜெக்டர் கம்பெனிக்கும் நடந்த கட்டணச் சண்டையில ஒன்றரை மாசம் புதுப் படமே வரல. சொந்தக் கட்டடம், இருபது ஆள் சம்பளம்னு இருந்தவன் அதுலதான் ஒடிஞ்சான். எண்பது நாற்காலிக்கு அந்த நோய் வராது. அதனால ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

நான் சொல்ல வந்ததே வேற. மதுரையில நல்ல இங்கிலீஷ் படம் எங்க பாத்தோம்? ரீகல்ல. ரீகல் என்ன தியேட்டராவா கட்டுனது? ஜங்ஷனுக்கு எதுத்தாப்புல விக்டோரியா எட்வர்டு மன்றம். பகல்ல பேப்பர் படிக்கிறவங்களும் லைப்ரரியும். பெரிய பெரிய சன்னலு, வெளிச்சம் கொட்டும், பகல் ஆட்டம் போட வழியே இல்ல. பொழுது சாஞ்சாத்தான் புரொஜெக்டர் ஓடும். சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அம்புட்டுதான். காத்தாட சன்னலத் தொறந்து வச்சிட்டுப் படம் பாப்போம், ரயில் சத்தம் உள்ள வரும். காலேஜ் வாத்தியாருங்க, ரயில்வேக்காரங்க, எங்கள மாதிரி பயலுக எல்லாம் ஒண்ணா உக்காந்திருப்போம். பிற்பாடு தங்கரீகல்னு பேர மாத்துனாங்க. மதுரைக்காரன் உலக சினிமா பாத்தது ஒரு லைப்ரரி ஹால்ல, ராத்திரி ஒதுக்கிக் குடுத்த நேரத்துல. 

அதனால எடம் தேடாதீங்க தம்பி. ராத்திரியானா தூங்குற எடமாத் தேடுங்க. நம்ம ஊர்ல அஞ்சு மணிக்குப் பூட்டுற ஹால் எத்தன இருக்கு? சங்கக் கட்டடம், பள்ளிக்கூடம், வாசகசாலை. ஞாயித்துக்கிழமை பூட்டிக் கெடக்குறது அதுல பாதி. அட்வான்ஸ் கெடையாது, கரண்டு பில்லும் வாட்ச்மேனுக்கு டீக்காசும். ஒண்ணே ஒண்ணு விடக்கூடாது: ரெண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு, அதே நேரம். எடம் மாறலாம், கிழமை மாறக்கூடாது. ரீல் தூக்குற பயலா இருந்தப்பவே கத்துக்கிட்டது இது. ஒரே பிரிண்ட்ட ரெண்டு தியேட்டர்ல ஓட்டுவாங்க. இங்க முடிஞ்ச ரீல சைக்கிள் கேரியர்ல கட்டி அங்க கொண்டு போகணும். 2,000 அடி ரீலு 22 நிமிசம். வழியில ஒரு ஊர்வலம் மறிச்சா அங்க ஜனம் விசிலடிச்சுக் கொட்டாயப் பிரிச்சிரும். எந்தத் தெருவுல வந்தேன்னு ஒருத்தனும் கேட்கமாட்டான். நேரத்துக்கு வந்தியாங்கிறதுதான் கேள்வி.

---

தல்லாகுளம் எழுதியது:

கார்பன்குச்சி ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இன்னொரு உதாரணமும் இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. அதற்குச் சொந்த அரங்கு எதுவும் கிடையாது. கல்லூரி, பொது அரங்கு என்று கிடைத்த இடத்தில்தான் நடந்திருக்கிறது, நானும் மாணவிகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். டிசம்பர் வந்தால் இந்த வருசம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஆனால் இடம் மாறும்போது சட்டமும் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, எங்கள் கல்லூரியில் திரையிடல் நடத்திய வகையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52. கல்வி நிறுவனத்துக்குள், பாடத்தையொட்டி, மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், பெற்றோர் இவர்களுக்கு மட்டும் படம் போட்டால் அது மீறல் ஆகாது. வாசலில் போஸ்டர் ஒட்டி ஊர்க்காரர்களைக் கூப்பிட்ட உடனே அந்தச் சலுகை போய்விடும். அதே பிரிவில் பணம் வாங்காத அமெச்சூர் சங்கங்களுக்கு ஒரு விலக்கு உண்டு, பலர் அதைக் காட்டுவார்கள். அது நாடகத்துக்கும் இசைக்கும் இலக்கியத்துக்கும் சொன்னது, சினிமாவுக்கு இல்லை. டிவிடி சொந்தமாக வாங்கியதுதானே என்பதும் எடுபடாது, அது வீட்டுக்குள் பார்க்கக் கொடுத்தது.

இன்னொரு பக்கம் 1952 திரைப்படச் சட்டமும், தமிழ்நாட்டின் 1955 சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும். பொதுக்காட்சி என்றால் இடத்துக்கு உரிமம் வேண்டும். டிக்கெட் போடாமல், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதுதான் பிலிம் சொசைட்டிகளின் வழக்கம். உங்கள் சொசைட்டி 1959இல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து தொடங்கிய பிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்தால் அந்தப் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். ஹால் கொடுக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி ‘நீங்கள் யார்’ என்பதுதான். அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, எடுத்தவர்களிடமே கேட்பது. ஆவணப்படக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. நான் கேட்டவர்களில் ஒருவர் பணம் வேண்டாம், ஆனால் படம் முடிந்து ஒருவரும் எழுந்து போகாமல் அரைமணி நேரம் தன்னோடு சண்டை போட வேண்டும் என்றார். அப்படியே நடந்தது, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை.

தாள்களும் பதிவேடுகளும் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். நம் பக்கத்துக் கோட்டையூர்க்காரரின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. பாட்டுப் புத்தகம், சினிமா நோட்டீஸ் இவற்றின் அருமை தெரிந்தவர்கள். ஆனால் அனுப்பும் முன் ஒரு நகல் மதுரையில் இருக்கட்டும். எங்கள் மாணவிகள் செல்போனில் படம் எடுத்தே முடித்துவிடுவார்கள், பரீட்சை முடியட்டும்.

இடத்துக்கு ஒன்று தோன்றுகிறது. புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கூட்ட அரங்கு இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

---

பாலக்காட்டு_மாப்பிள்ளை எழுதியது:

எனக்குச் சொந்த ஊர் மேலூர், இருப்பது கேரளத்தில். ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். இங்கே இந்தப் பாடே இல்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் அரசாங்கத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தியேட்டர்கள். திரைப்பட விழா 1996இலிருந்து நடக்கிறது. விழா நாளில் ஆட்டோக்காரர் ஈரானியப் படம் பற்றி அபிப்பிராயம் சொல்வார், நான் கேட்டிருக்கிறேன். 1965இலேயே இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் சித்ரலேகா பிலிம் சொசைட்டி ஆரம்பித்துவிட்டார். கல்கத்தாவில் 1985இல் அரசாங்கமே நந்தன் என்ற திரைப்பட மையத்தைக் கட்டியது. தமிழ்நாட்டில்தான் முதலமைச்சர்களே சினிமாவிலிருந்து வந்தும், இப்படி ஒரு தியேட்டர் ஊருக்கு ஒன்று இல்லை. அரசாங்கத்திடம் மனுக் கொடுங்கள் என்பேன்.

---

கார்பன்குச்சி எழுதியது:

மாப்பிள்ளை, மனு குடுக்க வேணாம்ங்கல. மனு ஒரு பக்கம் கெடக்கட்டும். அது வர்றதுக்குள்ள அந்தச் சாயப்பட்டறைப் பெரியவர் எத்தன ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்திருப்பாரு? அங்கயும் தியேட்டர் கட்டுனதால சொசைட்டி வரல, சொசைட்டி இருந்ததாலதான் தியேட்டர் வந்துச்சு. வருசத்தப் பாருங்க, நீங்களே எழுதியிருக்கீங்க.

டீச்சரம்மா சொன்ன லைப்ரரி யோசனை நல்லாருக்கு. நான் ரீகலச் சொன்னது வீண் போகல.

---

ஒத்தக்கடை85 எழுதியது:

ஐயா, மண்ணு வெல சமாச்சாரம் சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா போன்ல பாக்குறது கேவலம்ங்கிற மாதிரி பேசாதீங்க. நான் நைட் ஷிப்ட் முடிச்சு காலையில பஸ்ல வரும்போது பாதி, சாயங்காலம் போகும்போது பாதின்னுதான் படம் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு லீவு இல்ல. என்ன மாதிரி ஆளுக்கு அந்தக் கதைத் தாள் இருந்தா நல்லாருக்கும், டைப் பண்ணி இங்க போடுங்களேன்.

---

மாசிவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மொட்டை மாடியில் டப்பாக்களைத் திறந்தோம். மூன்றில் காடி வாடை, நன்றாகவே அடித்தது. தனியே எடுத்து வைத்துவிட்டோம். மற்றவை ஓரம் நெளியாமல் இருக்கின்றன. புனேக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பாதிச் சுருளில் தலைப்பே இல்லை. ஒன்றில் ஏதோ அணைக்கட்டுத் திறப்பு, வெயிலுக்கு வைத்துப் பார்த்தால் வேட்டி கட்டிய கூட்டம் தெரிகிறது. எந்த அணை என்று சொல்ல முடியவில்லை.

கார்பன்குச்சி ஐயா, கிழமை மாறக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இடம் மாறலாம் என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. உங்களுக்கு அது சைக்கிள் தூரம். எங்கள் பெரியவருக்கு மகாலிலிருந்து மாசி வீதி நடை. புதுநத்தம் சாலை என்றால் பெரியார் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் பிடிக்க வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் திரும்ப வேண்டும். அவர் வராவிட்டால் இன்னும் ஏழெட்டுப் பேர் வரமாட்டார்கள், அவர் சொல்லும் கதைக்காகவே வருகிறவர்கள் அவர்கள். நூலகம் கிடைத்தால் இளைஞர்கள் கூடுவார்கள், அது உறுதி. எனக்கு இரண்டும் வேண்டும். அதனால் இப்படி யோசிக்கிறேன்: இரண்டாவது ஞாயிறு நூலகத்தில் கேட்டுப் பார்ப்பது, நாலாவது ஞாயிறு தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு சமூகச் சங்கத்தின் தரைத்தள ஹாலில். அதன் செயலாளரிடம் பேசிவிட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், முதல் படத்தை அவர் தேர்ந்தெடுப்பார். எம்ஜிஆர் படம்தான் கேட்பார் என்று தெரிகிறது. போட்டுவிட வேண்டியதுதான், அதற்கும் ஒரு பக்கம் எழுதித் தருவேன், முடிவைச் சொல்லாமல்.

தல்லாகுளம் மேடம், கூட்டமைப்புப் பதிவு விட்டுப்போய்ப் பல வருசம் ஆகிறது. சார் காலத்து ரசீது இருக்கிறது, அதை வைத்துப் புதுப்பிக்க எழுதுகிறேன். மாணவிகள் எப்போது வந்தாலும் சரி, டிரங்குப் பெட்டிகள் என் வீட்டில்தான் இருக்கும். ஒத்தக்கடைத் தம்பி, தாள்களை வாரம் ஒன்றாக இங்கே ஏற்றுகிறேன்.

ஐயா, ஒரு கேள்வி பாக்கி. சத்தம் வராத புரொஜெக்டர். விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்க வரவில்லை, சரிசெய்ய முடியுமா? மோட்டார் சீராக ஓடுகிறது, படமும் நடுங்காமல் விழுகிறது. ஸ்பீக்கரில் மூச்சு இல்லை.

---

கார்பன்குச்சி எழுதியது:

பெரியவர் விசயத்துல நீங்க சொல்றது நியாயம். ரெண்டு எடம் வைங்க, கிழமைய மட்டும் விட்றாதீங்க.

மெசினுக்கு: ஸ்பீக்கர் ஒயர முதல்ல பாருங்க. அது சரியா இருந்தா எக்சைட்டர் பல்பு போயிருக்கும். படத்துக்கு வெளிச்சம் குடுக்குற பெரிய பல்பு வேற, இது வேற. பிலிம் ஓரத்துல ஓடுற சவுண்டுக் கோட்டு மேல வெளிச்சம் அடிக்கிற சின்ன பல்பு, சவுண்டு டிரம் பக்கத்துல மூடிக்குள்ள இருக்கும். பிளக்கப் புடுங்கிட்டுக் கழட்டுங்க. உள்ள இழை அறுந்திருந்தா அதுதான் கோளாறு. பல்போட அடியில நம்பர் பொறிச்சிருக்கும், அத எழுதிக்கங்க, நம்பர் இல்லாம வாங்கப் போனா வேற எதையாவது தலையில கட்டிருவான். எங்கிட்ட பழைய பல்பு ஒரு டப்பா கெடக்கு, பொருந்துதான்னு பாப்போம். பல்பு நல்லாருந்தா அந்த வெளிச்சத்த வாங்கி கரண்டா மாத்துற போட்டோ செல்லு, அப்புறம் சத்தத்தக் கூட்டுற ஆம்பு. அதுக்கு ஆள் கூட்டிட்டு வாரேன்.

புதன்கிழமை சாயங்காலம் வாரேன். அதுக்குள்ள பின்பக்க மூடியக் கழட்டி பெல்ட்டப் பாத்து வைங்க. ரப்பர் வெறச்சுப் போயி வெடிச்சிருந்தா அதையும் அளந்து எழுதி வைங்க, ரெண்டு மெசினுக்கும்.